கோடியக்கரை சரணாலயம்: தண்ணீரைக் கணக்குப் பார்த்துப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

கோடியக்கரைக்கு ஒரே ஒரு முறை போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அங்க என்ன இருக்கு? ஒரே வெயில், நாலு குரங்கு, கொஞ்சம் கடல்" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஏப்ரல் மாதம் உச்சி வெயிலில் போய் இறங்கினால் யார் கண்ணுக்கும் அதுதான் தெரியும். அதே சாலையில் ஜனவரி மாதம் காலை ஆறேகாலுக்குப் போய் நின்றவர்கள் வேறு கதை சொல்வார்கள்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். இத்தனை பயணத்தில் புரிந்துகொண்டது ஒன்றுதான். கோடியக்கரையில் எது, எங்கே, எப்போது கண்ணில் படும் என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. மழைத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அதில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, ஆழம் முழங்கால் அளவா கணுக்கால் அளவா என்பதை வைத்துத்தான் பறவையும் மானும் இடம் மாறுகின்றன. உங்கள் பயணத்தையும் அதை வைத்தே திட்டமிடுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்குதான்.

முதலில் நிலத்தின் அமைப்பு

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்தால், காவிரி டெல்டாவின் தென்கிழக்கு மூலையில் கரை சட்டென்று மேற்கே மடங்குவது தெரியும். அந்த மூக்குதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை, அதைத் தாண்டினால் இலங்கை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யம் வட்டம்.

இங்கே 1967ஆம் ஆண்டு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முக்கியமாக வெளிமானைக் காப்பாற்றத்தான். பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். பிறகு 2002இல் சரணாலயத்தோடு, அதை ஒட்டிய வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு உள்ளிட்ட 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த முதல் ராம்சார் தகுதி அதுதான். காடு சிறியது, சதுப்பு மிகப் பெரியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணைக் கரையை ஒட்டி மேற்கே சுமார் 48 கிலோமீட்டருக்கு நீண்டு போகிறது அந்தச் சதுப்பு. கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணல் திட்டு.

ஆக, நீங்கள் பார்க்கப்போவது ஒரே காடு இல்லை. வடக்கிலிருந்து தெற்காக வரும் சாலையின் மேற்கே உப்பளமும் சதுப்பும். தெற்கே உள்ளே போகப்போக பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு. அதற்கும் கடலுக்கும் இடையில் வெளிமான் மேயும் புல்வெளி. கடைசியில் மணற்கரை. ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் உண்டு, தனி மாதமும் உண்டு.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

எதைப் பார்க்க ஆசை என்று முதலில் முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட நினைப்பவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். வலசைப் பறவைகளும் அப்போதிருந்தே வரத் தொடங்கும். நவம்பர், டிசம்பரில் சதுப்பு நிறைய நல்ல தண்ணீர் நிற்கும். அது வாத்துகளின் காலம். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஆனால் அதே காலம்தான் புயலின் காலமும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. காட்டின் பெரிய மரங்கள் வேரோடு விழுந்தன. மான்கள், குதிரைகள், பறவைகள் என்று எத்தனையோ உயிர்கள் போயின. அதற்குப் பிறகு போனபோது, நிழலாக இருந்த இடத்தில் வானம் திறந்து கிடந்ததைப் பார்த்து வெகுநேரம் பேச்சு வரவில்லை. நவம்பரில் போவதாக இருந்தால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. மழை நின்று தண்ணீர் வற்றத் தொடங்கும். ஆழம் குறையக் குறையச் சேறு வெளியே தெரியும். சேற்றில் புழு, பூச்சி, சிறு இறால். உள்ளான்கள் என்னும் சின்னக் கரைப்பறவைகளும் பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) ஒரே இடத்தில் நெருங்கி மேய்வது இப்போதுதான். காலையில் லேசான குளிரும் இருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போக இதைவிட நல்ல காலம் கிடையாது.

மார்ச்சில் பறவைகள் வடக்கே கிளம்பிவிடும். ஆனால் கடலாமை பார்க்க ஆசையிருந்தால் இது நல்ல மாதம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில் கடுமை. பறவைக்காக வருபவர்கள் வர வேண்டாம். வெளிமானைப் பார்க்க மட்டும் வரலாம், அதுவும் அதிகாலையில். கோடையில் பாலை மரம் பழுக்கும். சின்னதாக, மஞ்சளாக, பிசுபிசுவென்று இனிக்கும் பழம். ஊரில் பாலாப்பழம் என்பார்கள். காட்டில் மானும் குரங்கும் பறவைகளும் அதைத் தின்றுதான் கோடையைத் தாண்டுகின்றன.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கோடியக்கரைக் கடலில் புனித நீராட மக்கள் பெருங்கூட்டமாக வருவார்கள். ஆதிசேது என்று பெயர். நீராட வருபவர்கள் தாராளமாக வரட்டும். காட்டுயிர் பார்க்க வருபவர்கள் அந்த நாளையும் அதற்கு முந்தைய நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: போய்ச் சேருங்கள், ஓர் இரவு தங்குங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் சுமார் 45 கிலோமீட்டர். அங்கிருந்து கோடியக்கரை 11 கிலோமீட்டர் வரும். பேருந்து உண்டு, வேதாரண்யத்தில் ஆட்டோவும் பேசிக்கொள்ளலாம். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 37 கிலோமீட்டர். உப்பளத்தின் விளிம்பிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும். மீட்டர் கேஜ் காலத்தில் கோடியக்கரை வரைக்குமே ரயில் வந்திருக்கிறது.

விடியும்போது நீங்கள் சதுப்பின் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் வேதாரண்யத்தில் தங்குவதுதான் சரி. கோடியக்கரையில் வனத்துறை ஓய்வில்லம் இருக்கிறது, முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்தால்தான் கிடைக்கும். ஒரு பகல் மட்டும் வைத்துக்கொண்டு வருவது வீண் அலைச்சல். பறவைக்கு ஒரு காலை, மானுக்கு ஒரு காலை என்று இரண்டு காலைகள் வேண்டும்.

படி 3: அனுமதி, ஆள், பை

சரணாலயத்துக்குள் நுழையக் கட்டணமும் அனுமதிச் சீட்டும் உண்டு, வண்டிக்கும் கேமராவுக்கும் தனித்தனியாக. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறும். மழையாலோ வேறு காரணத்தாலோ சில நாட்கள் மூடியும் வைப்பார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "இப்போ தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?" இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்தையும்விடப் பயன்படும்.

உள்ளே போகும்போது வழிகாட்ட வனத்துறை ஆள் ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். நேற்று மாலை மான் எங்கே படுத்தது, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வற்றியது என்பது அவர்களுக்கு மனப்பாடம். நாம் பைனாகுலரில் தேடிக்கொண்டிருக்கும்போது வெறும் கண்ணாலேயே காட்டிவிடுவார்கள்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர் கட்டாயம், உள்ளே எங்கும் கிடைக்காது. பைனாகுலர் ஒன்று. இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது எடுத்துவாருங்கள். இங்கே பறவைகள் தூரத்தில்தான் நிற்கும், செல்போன் கேமராவில் வெறும் புள்ளியாகத்தான் விழும். மண் நிற உடை, தொப்பி, மூடிய காலணி. புல்வெளியில் உண்ணி ஒட்டும், அதனால் முழுக்கால் சட்டை போட்டு, வெளியே வந்ததும் கணுக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரோன் எடுத்து வராதீர்கள். அனுமதி கிடையாது, பறவைகளுக்கு அது பருந்து மாதிரி.

படி 4: முதல் காலை, உப்பளமும் சதுப்பும்

ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கெல்லாம் வேதாரண்யத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அகஸ்தியம்பள்ளி தாண்டும்போதே சாலையோரம் உப்புப் பாத்திகள் தொடங்கிவிடும். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளியது இங்கேதான். நினைவுத்தூண் இருக்கிறது. திரும்பும்போது நின்று பார்த்துக்கொள்ளலாம். காலை வெளிச்சம் காத்திருக்காது.

சதுப்பு சாலைக்கு மேற்கே இருப்பதால், காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். பறவையின் நிறம், அலகின் வளைவு எல்லாம் தெளிவாகத் தெரியும். மாலையில் வந்தால் எல்லாமே கறுப்பு நிழல்தான். காலை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சொன்னார். "பத்து மணிக்கு மேல காத்து எழும்பிடும் தம்பி. நாரையெல்லாம் உள்ள தள்ளிப் போயிடும். அப்புறம் நீங்க எதப் பாக்கப் போறீங்க?" அவர் சொன்னது அப்படியே நடப்பதைப் பல முறை பார்த்துவிட்டேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். வண்டிக்குப் பறவைகள் பழகியிருக்கும், மனித உருவத்துக்குத்தான் பயப்படும். பிறகு மெதுவாக இறங்கி, வண்டியின் மறைவிலேயே நின்று பாருங்கள். பாத்தி வரப்பில் நடக்க வேண்டுமென்றால் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். கோவைத்தீவு, சிறுதலைக்காடு, பம்ப் ஹவுஸ் போன்ற உட்பகுதிகளில் இன்னும் பெரிய கூட்டங்கள் இருக்கும். அங்கே வனத்துறை அனுமதியோடும் ஆளோடும் மட்டுமே போக வேண்டும்.

பூநாரைதான் எல்லோருக்கும் முதல் ஆசை. அது தின்னும் முறையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் தரையைப் பார்க்கும்படி தண்ணீரில் வைக்கும். நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல இருக்கும் வரிசையில் பாசியும் சின்ன இறாலும் தங்கிவிடும். அதே நேரம் கால்கள் சும்மா இருக்காது, ஒரே இடத்தில் மிதித்து மிதித்துச் சேற்றைக் கிளறும். தலை நடுவில், கால்கள் சுற்றிலும். தண்ணீர் வற்றிய பிறகு அந்தச் சேற்றைப் பார்த்தால், வடையின் ஓட்டை போல வளையம் வளையமாகத் தடம் காய்ந்து கிடக்கும். பறவையே இல்லாத நாளிலும் அது எங்கே சாப்பிட்டது என்று அந்த வளையங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

சாம்பல் நிறத்தில் சில பூநாரைகள் தெரிந்தால் வேறு இனம் என்று நினைக்க வேண்டாம், அவை இளசுகள். இளஞ்சிவப்பு நிறம் தீனியிலிருந்து வருவது, ஏற வருடங்கள் ஆகும். நம்மூருக்கு வரும் பூநாரைகளின் முக்கியமான இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் ரண். இங்கே அவை வருவது வயிறு நிரப்ப. தண்ணீரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் தீனி மாறிவிடும், பூநாரையும் இடம் மாறிவிடும். சதுப்புக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்ததும், உப்பளங்கள் பரந்ததும் பறவைக் கூட்டம் பழையபடி இல்லாததற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்கள்.

பூநாரையைப் பார்த்த கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். தண்ணீர் விளிம்பில் எலி ஓடுவது போல் ஓடிக்கொண்டிருப்பது கொசு உள்ளான். எடை 25 கிராம் அளவுதான் இருக்கும். ஆர்க்டிக் ஓரத்தில், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வந்திருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தின் அருமையை நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் பறவையியலாளர் சாலிம் அலி. காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவை உங்கள் கண்ணில் பட்டால், நிறத்தையும் எந்தக் காலில் என்பதையும் எழுதி வைத்து வனத்துறையிடம் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு எங்கோ ஒரு பயணத்தின் விட்டுப்போன கண்ணியாக இருக்கலாம்.

இவை தவிர நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், கூழைக்கடா, ஆலாக்கள், கடற்காகங்கள் எல்லாம் உண்டு. பெயர் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். அலகின் நீளத்தையும் நிற்கும் ஆழத்தையும் மட்டும் பாருங்கள். குட்டை அலகு விளிம்பில், நீள அலகு உள்ளே தள்ளி, வாத்து ஆழத்தில். தண்ணீரின் ஆழத்தை அவை பங்கு போட்டுக்கொண்டிருப்பது புரிந்துவிட்டால், பாதிப் பறவைகளின் பெயர் தானாக மனதில் நின்றுவிடும்.

இங்கே ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் கிட்டத்தில் படம் எடுக்க ஆசைப்பட்டு, சேற்றில் இறங்கி நடந்தேன். கணுக்கால் வரை என்று நினைத்த சேறு முழங்காலைத் தாண்டி இழுத்தது. நான் தடுமாறியதில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே நேரத்தில் எழும்பின. பார்க்க அழகாக இருந்தது. கூட வந்த காவலர் அண்ணன் கோபப்படாமல் சொன்னார்: "இதுங்க ஊர் போய்ச் சேர்றதுக்குக் கொழுப்பு சேத்துக்கிட்டு இருக்குதுங்க. நீங்க ஒரு தடவ கெளப்பிவிட்டா அரைநாள் தின்னது போச்சு." அன்றோடு சேற்றில் இறங்குவதை நிறுத்தினேன். பறவைகள் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினாலே போதும், அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் கூட்டம் தானாகவே எழும்பி, ஒரே துணியை உதறியது போல வெள்ளையும் சாம்பலுமாக மாறி மாறித் திரும்பும். அதற்குப் பொறுமையாகக் காத்திருங்கள்.

படி 5: வெயில் நேரத்தில் காடு

ஒன்பதரை, பத்து மணிக்குச் சதுப்பை விட்டு விலகி, கோடியக்காடு வழியாகக் காட்டுப் பகுதிக்கு வாருங்கள். சாலையோரத்தில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை காட்டை விட்டுச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

காடு முள்ளும் புதருமாகக் குட்டையாகத்தான் இருக்கும். கடற்காற்று மரத்தை உயர விடாது. பாலை மரங்களுக்குக் கீழே நிழல் அடர்த்தி. டிசம்பர், ஜனவரியில் இந்த நிழலில்தான் ஆறுமணிக்குருவியைத் தேட வேண்டும். விடிகாலையிலும் அந்தியிலும் கூவும், பெயர் வந்ததே அதனால்தான். பகலில் சத்தம் போடாது. பாதையில் அசையாமல் நின்று சருகுச் சத்தத்தைக் கவனியுங்கள். தத்தித் தத்தி வந்து, அலகால் ஓர் இலையைப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சியை எடுக்கும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரம் போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து இரவில் பறந்து வரும் பறவை இது. அரசவால் ஈப்பிடிப்பானும் இதே காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும்.

உள்ளே ராமர் பாதம் என்று ஒரு மணல்மேடு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் அளவுதான் உயரம், சரணாலயத்திலேயே அதுதான் உச்சி. ராமர் இங்கே நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஊர் நம்பிக்கை. கல்லில் பாதச் சுவடும் சிறு மண்டபமும் உண்டு. மேலே ஏறி ஒரு சுற்றுப் பார்த்தால் காடு, புல்வெளி, சதுப்பு மூன்றும் எப்படிப் பொருந்துகின்றன என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

சீமைக்கருவேலத்தையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். மாடும் குதிரையும் மானும் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பிவிடுகின்றன. புல்வெளிக்குள் அது புகுந்தால் வெளிமானுக்கு இடமே இல்லாமல் போகும். வனத்துறை வெட்டி எடுக்கிறது, அது மறுபடி முளைக்கிறது. இந்தப் போராட்டம் ஓயாமல் நடக்கிறது.

படி 6: இரண்டாம் காலை, வெளிமான்

இந்தக் காலைக்காகத்தான் தங்கச் சொன்னேன். வாயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். மரங்கள் முடிந்து புல்வெளி திறக்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது. உங்கள் வாடை முன்னால் போனால் மான் போய்விடும்.

வெளிமான், புள்ளிமான் இரண்டும் இங்கே உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். புள்ளிமான் மரநிழலை விட்டு அதிகம் நகராது. அதன் கொம்பு கிளைவிட்டிருக்கும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான் பெயருக்கேற்றபடி வெட்டவெளியில் வாழும். பழந்தமிழில் இரலை. ஆணுக்கு முறுக்கிய கொம்பு, ஆயுள் முழுக்க விழாது. வளர்ந்த கிடா மேலே கருமை, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பெட்டையும் குட்டியும் மணல் நிறம், இந்தப் பெட்டைகளுக்குக் கொம்பு கிடையாது.

ஒரு பிப்ரவரிக் காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். பனி இன்னும் கலையவில்லை. எழுபது எண்பது அடி தூரத்தில் ஒரு கறுத்த கிடா. தலையைப் பின்னால் சாய்த்து, கொம்பு முதுகைத் தொட, வாலை மேலே சுருட்டி, கால்களை விறைப்பாக எடுத்து வைத்து ஒரு பெட்டையைச் சுற்றி நடந்தது. மூச்சு புகையாக வந்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பெட்டை தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டே இருந்தது. கிடா நடந்து நடந்து, கடைசியில் தன் எல்லையில் குவித்து வைத்திருந்த புழுக்கை மேட்டுக்கே திரும்பிப் போய் நின்றது. ஒரே இடத்தில் புழுக்கை குவிந்திருப்பதைப் பார்த்தால் அதை மிதிக்காதீர்கள், அது அந்தக் கிடாவின் எல்லைக் கல்.

புல்லில் தனியாகக் குட்டி படுத்திருந்தால் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். குட்டியை மறைத்து வைத்துவிட்டுத் தாய் மேயப் போவது அதன் வழக்கம். தொடாமல் விலகி நடங்கள், காவலரிடம் மட்டும் சொல்லுங்கள். வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு.

கூட்டமாக மேயும் மட்டக்குதிரைகளையும் பார்ப்பீர்கள். யாரோ எப்போதோ வளர்த்து விட்டுவிட்டவற்றின் வாரிசுகள். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரே புல்லை மானோடு பங்குபோடுகின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாய் கண்ணில் பட்டால் உடனே காவலருக்குத் தெரிவியுங்கள். மான் குட்டிக்கும் ஆமை முட்டைக்கும் ஊர்நாயால் வரும் ஆபத்து பெரியது.

கோடையில் வருபவர்கள் தண்ணீர்த் தொட்டிகளுக்குத் தூரத்தில் நின்று பாருங்கள். மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும், பள்ளங்களில் அது ஊறும். கோடை முற்றினால் அந்த ஊற்றும் வற்றிவிடும் அல்லது உப்பேறிவிடும். அப்போது வனத்துறை டேங்கரில் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்பும். தொட்டிப் பக்கத்தில் நாம் நின்றால் மான் தாகத்தோடு திரும்பிப் போகும்.

படி 7: கரையும் பங்குனி ஆமையும்

கடற்கரைக்கு மாலையில் வாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கி மீன்பிடிக்கும் சீசன். வலை உலர்த்தும் இடத்தில் நடக்கும்போது பார்த்து நடங்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியில் சரிந்துவிட்டது. அந்தி சாயும் நேரத்தில் நரி நண்டு பிடிக்கக் கரைக்கு இறங்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

பங்குனி ஆமை என்னும் கடலாமை ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருப்பது சாதாரணம். நரியும் நாயும் தோண்டிவிடும் என்பதால் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சும், குறைந்தால் ஆண் குஞ்சும் அதிகம் பிறக்கும். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்களா என்று சரக அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அனுமதி கிடைத்தால் டார்ச்சை அணைத்துவிடுங்கள், செல்போன் வெளிச்சத்தையும்தான். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும். கடலின் மேல் இருக்கும் மெல்லிய வெளிச்சம்தான் அவற்றுக்கு வழி. கையில் எடுத்துத் தண்ணீரில் விட ஆசையாக இருக்கும், வேண்டாம், மணலில் அவை தாமே நடக்கட்டும். உங்கள் பின்னால் இருக்கும் காலடிக் குழிகளைக் காலாலேயே சமன் செய்துவிடுங்கள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு நம் பாதத் தடம் ஏறமுடியாத பள்ளம். நான் பார்த்த ஒரு விடியலில், முதல் அலை ஒரு குஞ்சை மூன்று முறை கரைக்கே திருப்பிப் போட்டது. நாலாவது அலையில் போனது. அதன் தலை ஒருமுறை மேலே தெரிந்தது, பிறகு தண்ணீர் மட்டும்தான்.